மழை நாளில் மட்டும் வந்த பூனை வாடை

ஐப்பசி மழை பிடித்தால் போதும், செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பூனை மூத்திர வாடை தூக்கும். வெயில் அடித்தால் காணாமல் போய்விடும். பினாயில் ஊற்றினால் இரண்டும் கலந்து இன்னும் மோசம். வினிகர், சமையல் சோடா எல்லாம் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கின. பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. மூத்திரத்தின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சுப் புகை வரும், அதனால் தொடவில்லை.

மழையில் மட்டும் ஏன்? மூத்திரம் காய்ந்தாலும் அதன் மிச்சம் அப்படியே ஒட்டிக் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி வாடை விடும்.

இடத்தைக் காட்டிக்கொடுத்தது புற ஊதா டார்ச். கள்ள நோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த வெளிச்சம்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தேன். டைல்ஸ் மேல் ஒன்றுமில்லை. பீரோவுக்குப் பின்னால், இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமெண்ட் கோடு மட்டும் மங்கிய மஞ்சளாக மின்னியது. மாப் போடும்போது கண்ணிலேயே படாத இடம். அந்தக் கோடுதான் அத்தனையையும் உறிஞ்சி வைத்திருந்தது.

முதலில் வெறும் தண்ணீரால் பினாயில் மிச்சத்தைக் கழுவினேன். அது இருந்தால், மூத்திரக் கறையைச் சிதைக்கும் என்சைம் சரியாக வேலை செய்யாது. அப்புறம் அந்த என்சைம் கலந்த கிளீனரைக் கோடு ஊறும்வரை ஊற்றி, காயாமலிருக்க பாலிதீன் தாளால் மூடி விடியும்வரை விட்டேன். ஊற்றிய கையோடு துடைத்தால் காசுதான் தண்டம். காலையில் ஃபேன் போட்டு உலர்த்தி, மறுபடி ஒருமுறை அதே வேலை. நன்றாகக் காய்ந்ததும், இனி எதையும் உறிஞ்சாமலிருக்க கோட்டுக்கு சீலர் பூசினேன்.

கார்த்திகை அடைமழையிலும் வாடை வரவில்லை. பீரோவை மட்டும் இன்னும் சுவரோடு ஒட்டி வைக்கவில்லை.