துணை துரோகம் செய்தது தெரிந்தால், அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை

கணவனுக்கோ மனைவிக்கோ வேறு தொடர்பு இருப்பது தெரிந்தால், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் கூடுவது பஞ்சாயத்து. மாமா, சித்தப்பா எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து, "சேர்ந்து வாழ்றியா, தீத்துக்கறியா, இப்பவே சொல்லு" என்பார்கள். சோறு இறங்காமல், தூக்கமில்லாமல் இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது? சேர்வதா பிரிவதா என்பதை அப்புறம் பேசலாம். அன்றைக்குத் தெரிய வேண்டியது, அவர் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதுதான்.

அதைக் கேட்கத்தான் பயப்படுகிறார்கள், இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று. அப்படி ஆகாது. "இன்னாமா, செத்துடலாம்னு தோணுதா?" என்று அக்கா நேராகக் கேட்ட பிறகே சிலருக்கு அழுகை வரும், பேச்சும் வரும். "ஆமாம்" என்றால் திட்ட வேண்டாம். "புள்ளைங்கள நினைச்சியா?" என்றும் கேட்க வேண்டாம், தான் எல்லோருக்கும் பாரம் என்று நினைப்பவருக்கு அது இன்னொரு அடி. பேச விடுங்கள். இரவில் ஒருவர் அதே அறையில் படுக்கட்டும். ஆபத்தான பொருள்களை ஒளித்து வைத்தால் போதாது, வீட்டை விட்டே அகற்றுங்கள். "சொல்றவங்க செய்ய மாட்டாங்க" என்பது சுத்தப் பொய்.

ஏமாற்றப்பட்டவர் நீங்களென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வாட்ஸ்அப் செய்திகளை மறுபடி திறக்காதீர்கள். குடித்து மறக்கலாம் என்பதும் வேண்டாம், போதை அவசர முடிவுக்குத்தான் தள்ளும். 'நான் போனாத்தான் அவருக்குப் புரியும்' என்று தோன்றினால், உடனே ஒருவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கள்ளத்தொடர்புக்கு மட்டும் போலீஸில் வழக்குப் போட முடியாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவை ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு அது காரணமாகும். அதற்கு வக்கீலைப் பார்க்க அடுத்த மாதம்கூடப் போகலாம்.

டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். "பாகாயம் போனா பைத்தியம்னு சொல்வாங்க" என்று அங்குள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்குப் போகத் தயங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

ஏதாவது நடந்துவிட்டால், கேஸ் ஆகுமே என்று மறைத்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உயிரை விட முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்படுவார். அதற்காக அவரைத் தண்டிக்க மாட்டார்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லலாம்.