பூச்சியைப் படமெடுக்கும்போது ஒரே ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள்

உயிரினங்களின் படங்களைப் பதிவேற்றி, மற்றவர்கள் உதவியோடு அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் பூச்சிப் படம் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் முதுகுப்பக்கத்தை மட்டும் எடுக்கிறார்கள். அடையாளம் காண அது பல வேளைகளில் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று, இறக்கை நரம்புகள் தெளிவாகத் தெரிய ஒன்று எடுத்து, நான்கையும் ஒரே பதிவில் சேருங்கள்.

முகம் ஏன்? பூவில் அமர்ந்திருக்கும் மஞ்சள் கறுப்புக் கோட்டுப் பூச்சியைப் பார்த்ததும் தேனீ என்று பெயரிட்டுவிடத் தோன்றும். உணர்கொம்பைப் பாருங்கள். குட்டையாக, கண்கள் முகத்தையே நிறைக்கும் அளவு பெரிதாக இருந்தால், தேனீயைப் போல் தோற்றம் கொண்ட ஈயாக இருக்கலாம். இறக்கையை எண்ணினால் உறுதியாகும்: ஈக்கு இரண்டு, தேனீக்கு நான்கு. ஆனால் தேனீயின் முன் இறக்கையும் பின் இறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் இணைந்து ஒன்றுபோலத் தெரியும், கவனம்!

இனப்பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். 'ஈ', 'வண்டு' என்ற அளவில் நிறுத்தினாலே அந்தப் பிரிவை அறிந்தவர்கள் உங்கள் பதிவைத் தேடி வருவார்கள். பூச்சி இருந்த செடியின் பெயரையும் குறிப்பிடுங்கள். ஒரே வகைச் செடியை மட்டும் தின்னும் புழுக்கள் உண்டு. அங்கே செடியே பாதி விடை.