பேட்டில் ஃபார் வெஸ்நாத்: முதல் கேம்பெய்னை ஆடத் தொடங்குவது எப்படி

தந்திரப் போர் விளையாட்டுகளுக்குள் நுழைய வெஸ்நாத் நல்ல வாசல். 2003-இல் டேவிட் வைட் தொடங்கிய இந்த விளையாட்டு முழுக்க இலவசம். இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நீங்கள் ஆடி முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான் என்பதால் விரல் வேகம் தேவையில்லை.

ஆனால் புதியவர்கள் பலர் நாலு அடி தவறியதும் "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று மூடிவிடுகிறார்கள். பகடை உருள்வது உண்மைதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில் மோதுகிறோம் என்பதை வைத்து அதை நம் பக்கம் நிறையவே சாய்க்க முடியும். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

1. எதிலிருந்து தொடங்குவது

முதலில் டுடோரியலை ஆடுங்கள். கொஞ்ச நேரம்தான் ஆகும். அடுத்து "எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்" கேம்பெய்னை (ஒரே கதையாகத் தொடரும் ஆட்டங்களின் தொகுப்பு) எடுங்கள். நான்கே சீனாரியோக்கள், அதாவது தனித்தனி ஆட்டங்கள். "தி சவுத் கார்ட்" கேம்பெய்னும் புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டது. புகழ்பெற்ற "ஏர் டு தி த்ரோன்" நீளமானது, அது பிறகு. கடின அளவில் மிக எளியதையே தேர்ந்தெடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீனாரியோ தொடங்கியதும் இலக்குகளைக் காட்டும் பெட்டி வரும். பலர் அதைப் படிக்காமல் மூடிவிடுவார்கள். எதைச் செய்தால் வெற்றி, யார் செத்தால் தோல்வி, எத்தனை டர்ன் (ஆடும் முறை) இருக்கிறது என்ற மூன்றும் அதில்தான் இருக்கும். எதிரித் தலைவனைக் கொல்லச் சொல்லாமல், குறிப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சேரச் சொல்லும் சீனாரியோக்களும் உண்டு.

2. படை சேர்ப்பது

தலைவர் கோட்டையின் நடுக்கட்டமான கீப்பில் நிற்கும்போது மட்டுமே ஆள் சேர்க்க முடியும். கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் பட்டியல் வரும். புதிய வீரர்கள் கோட்டையின் காலிக் கட்டங்களில் தோன்றுவார்கள். அந்த டர்னில் அவர்களால் நகர முடியாது. எனவே தூரத்துக் கிராமத்துக்குப் போக வேண்டிய குதிரை வீரரை அந்தப் பக்கத்துக் கட்டத்திலேயே இறக்குங்கள்.

மனிதப் படையில் ஸ்பியர்மேன் (ஈட்டி வீரர்) 14 பொன், கேவல்ரிமேன் (குதிரை வீரர்) 17, மேஜ் (மந்திரவாதி) 20. கையில் 100 பொன் இருந்தால் மூன்று ஸ்பியர்மேன், ஒரு கேவல்ரிமேன், ஒரு மேஜ் என்று 79 பொன்னுக்கு எடுத்து, மீதியை எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்த்துச் செலவிடலாம். கிடைக்கும் வகைகள் கேம்பெய்னுக்கு ஏற்ப மாறும்; கலந்து எடுப்பது மட்டும் மாறாது. ஏன் கலக்க வேண்டும் என்பதற்கு எலும்புக்கூடு எதிரிகளே சாட்சி. அவை குத்தும் ஆயுதங்களின் சேதத்தில் 60% தாங்கிவிடும். ஈட்டிப் படை மட்டும் வைத்திருப்பவர் அங்கே திணறுவார். கதாயுதத்துக்கும் நெருப்புக்கும் அவை பலவீனம்.

கிராமங்களை முதல் சில டர்ன்களிலேயே பிடியுங்கள். ஒவ்வொன்றும் பொன் தரும். ஒரு லெவல் (வீரரின் தரநிலை) அளவுக்குப் படையின் பராமரிப்புச் செலவையும் ஏற்கும். கிராமத்துக்குள் நுழைந்து கைப்பற்றினால் அந்த யூனிட்டின் (வீரரின்) நகர்வு அங்கேயே முடிந்துவிடும். அதைக் கணக்கில் வைத்தே பாதை போடுங்கள்.

3. நிற்கும் இடம்

ஒருவரை அடிக்கும் வாய்ப்பு, அடிபடுபவர் நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. அடிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு அதில் பங்கில்லை. ஸ்பியர்மேனின் பாதுகாப்பு கோட்டை, கிராமம், மலையில் 60%, குன்றிலும் காட்டிலும் 50%, சமவெளியில் 40%, ஆழமற்ற நீரிலும் சதுப்பிலும் 20%. நீரில் நிற்கும் ஸ்பியர்மேன் மேல் நூற்றுக்கு எண்பது அடி விழும்.

இதைத் தற்காப்பு விதியாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். எதிரியை மோசமான நிலத்தில் நிற்க வைப்பதில்தான் வெற்றி இருக்கிறது. ஆறு ஓடும் வரைபடத்தில் நீங்கள் ஆற்றைக் கடக்கக் கூடாது. கரையோரக் கட்டங்களில் வரிசையாக நில்லுங்கள். எதிரியை ஆட்டுவிக்கும் கணினி பொறுமை இல்லாதது. ஓடிவந்து நீரில் நின்றே தாக்கும். உங்கள் டர்ன் வரும்போது அவன் இன்னும் நீரில்தான் நிற்பான். 60% பாதுகாப்புள்ள இடத்தில் நிற்பவனை விட அவன் மேல் இரண்டு மடங்கு அடி விழும்.

எந்தக் கட்டத்துக்கு எத்தனை நகர்வுப் புள்ளி என்பதையும் பாருங்கள். ஸ்பியர்மேனிடம் 5 புள்ளிகள். காடும் குன்றும் 2, மலையும் ஆழமற்ற நீரும் 3.

4. பகலா, இரவா

ஒரு நாள் ஆறு டர்ன்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவின் இரண்டு சாமங்கள். லாஃபுல் வகையினர் (ஸ்பியர்மேன் போன்றோர்) பகலில் 25% கூடுதலாகவும் இரவில் 25% குறைவாகவும் சேதம் செய்வார்கள். கேயாட்டிக் வகையினருக்கு (ஆர்க்குகள் போன்றோர்) நேர்மாறு. விடியலும் அந்தியும் இருவருக்கும் சமம்.

எண்களில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஸ்பியர்மேனின் தாக்குதல் 7-3, அதாவது 7 சேதம், மூன்று வீச்சு. எதிரியான ஆர்க் இனத்தின் சாதாரண வீரன் கிரண்டுடையது 9-2. பகலில் நம்முடையது 9-3, அவனுடையது 7-2: எல்லா அடியும் விழுந்தால் 27-க்கு 14. இரவில் நம்முடையது 5-3, அவனுடையது 11-2: 15-க்கு 22. ஆட்கள் அதே ஆட்கள்தான். பொழுது மட்டுமே மாறியிருக்கிறது.

ஆகவே மனிதப் படையோடு ஆர்க்குகளை எதிர்த்தால் காலையில் முன்னேறுங்கள். அந்தி வரும்போது நல்ல நிலத்துக்குப் பின்வாங்குங்கள். ஒரு கிரண்ட் ஐந்தே உயிர்ப்புள்ளியோடு ஓடுகிறான் என்று இருட்டில் துரத்திப் போவதுதான் புதியவர்கள் படை இழக்கும் வழக்கமான வழி.

5. வரிசை

லெவல் 0 தவிர ஒவ்வொரு யூனிட்டும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களைக் கட்டுப்படுத்தும். எதிரி அதில் கால் வைத்தால் நகர்வு முடிந்தது. இதனால் இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் சாதாரண யூனிட் ஒரே டர்னில் ஊடுருவ முடியாது. ஸ்கர்மிஷர் திறன் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது.

தனியாக நிற்பவரை ஆறு பேர் சூழலாம். இடைவெளியற்ற நேர்வரிசையின் நடுவில் நிற்பவரை முன்னாலிருந்து இரண்டு பேர்தான் தொட முடியும். காயம்பட்டவரைப் பின்னுக்கு எடுத்து, முழு உயிரோடு இருப்பவரை முன்னே வையுங்கள். கண்ட்ரோல் + வி அழுத்தினால் எதிரிகள் அடுத்த டர்னில் எங்கெல்லாம் வர முடியும் என்று தெரியும். டர்னை முடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அழுத்துங்கள்.

6. தாக்கும் முறை

எதிரியைக் கிளிக் செய்தால் ஆயுதத் தேர்வுப் பெட்டி வரும். அதிலுள்ள சேதக் கணக்கீடு பொத்தான், இருவரும் எவ்வளவு உயிரோடு மிஞ்சுவார்கள் என்ற சாத்தியங்களைக் காட்டும். கிரண்டிடம் வில் இல்லை. தூரத் தாக்குதலால் அடித்தால் பதிலடி இல்லை. எனவே முதலில் மேஜ் அல்லது வில்லாளி, பிறகு ஸ்பியர்மேன். மேஜின் மந்திரம் எந்த நிலத்திலும் 70% படும். ஆனால் அவரிடம் 24 உயிர்ப்புள்ளிதான். அடித்துவிட்டு முன்வரிசையில் தனியே மாட்டிக்கொள்ளாத கட்டமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

கடைசி அடியை யார் அடிப்பது என்பதும் முக்கியம். சண்டையிட்டாலே எதிரியின் லெவல் அளவு அனுபவப் புள்ளி கிடைக்கும். கொன்றால் லெவலைப் போல் 8 மடங்கு. லெவல் உயர்ந்தால் முழு உயிரும் திரும்பிவிடும். உயர்வை நெருங்கியவருக்கே அந்த அடியை விட்டுக்கொடுங்கள்.

7. காயமும் பணமும்

கிராமத்தில் நின்றால் டர்னுக்கு 8 உயிர்ப்புள்ளி. நகராமல் ஓய்வெடுத்தால் 2. விஷம் டர்னுக்கு 8 எடுக்கும். அது தானாகக் கொல்லாது, 1-இல் நிறுத்திவிடும். கிராமம் முதலில் விஷத்தை முறித்து, அடுத்த டர்னில்தான் காயத்தை ஆற்றும்.

பிழைத்த வீரர்களை அடுத்த சீனாரியோவில் 20 பொன்னுக்குத் திரும்ப அழைக்கலாம். லெவல் 2 வீரருக்கு அது கொள்ளை மலிவு. லெவல் 1 ஸ்பியர்மேனை அழைப்பதற்குப் புதியவரையே 14-க்கு எடுக்கலாம். பாதி அனுபவத்தைத் தாண்டியவர் என்றால் யோசிக்கலாம். சீக்கிரம் வென்றால் மிஞ்சிய டர்ன்களுக்கும் கிராமங்களுக்கும் ஏற்பக் கூடுதல் பொன் உண்டு. ஆனால் மிச்சப் பொன்னில் ஒரு பங்குதான், பல கேம்பெய்ன்களில் 40%, அடுத்ததற்குப் போகும். மீதம் பிடிப்பதற்காகச் சின்னப் படையோடு போராடாதீர்கள்.

ஒவ்வொரு டர்னும் தானாகச் சேமிக்கப்படும். ஒரு அடி தவறியதற்காகப் பழைய சேமிப்புக்குப் போவதில் கற்பதற்கு எதுவும் இல்லை. படை சிதைந்துவிட்டது என்றால் நாலைந்து டர்ன் பின்னே போங்கள். தவறான முன்னேற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.