“உள்ளதைத்தானே சொன்னேன்!” – நல்லது என்று நினைத்து நாவால் செய்யும் தவறுகள்

பொய்யும் வசவும் கூடாது என்பது மதரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை இங்கே விளக்கப் போவதில்லை. ஐந்து வேளை தொழுகிற, ஒரு நோன்பையும் விடாத நம்மவர்கள் வாயிலிருந்தே நஸீஹத்தாகவும் (அறிவுரை) துஆவாகவும் (பிரார்த்தனை) அனுதாபமாகவும் சில பேச்சுகள் வருகின்றனவே, என் கவலை அவற்றைப் பற்றியது. தவறு என்று தெரிந்தால் தவ்பா செய்வோம், அதாவது பாவமன்னிப்புத் தேடுவோம். நன்மை என்று நம்பிச் செய்வதற்கு யார் தவ்பா செய்யப் போகிறார்கள்?

நிக்காஹ் (திருமண) வீட்டில் சஹன் எனும் பெரிய விருந்துத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். “என்ன காக்கா, அவரு மவன் கடைய வித்துட்டானாமே?” என்று ஒருவர் தொடங்குகிறார். “பாவம், அவனுக்கு அல்லாஹ்தான் ஹிதாயத் (நேர்வழி) கொடுக்கணும். நம்ம பிள்ளைகள அல்லாஹ் காப்பாத்திட்டான், அல்ஹம்துலில்லாஹ் (புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே)” என்கிறார் இன்னொருவர். யாராவது தடுத்தால், “உள்ளதைத்தானே சொன்னேன், இட்டுக்கட்டியா சொன்னேன்?” என்று பதில் வரும். இதே கேள்வியைத் தோழர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். சொன்ன குறை அவரிடம் இருந்தால் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்பதுதான் கிடைத்த பதில் (முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பு). ஆக, உண்மையாக இருப்பதால்தான் அது புறமாகிறது. இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குக் குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம் ஒப்பிடுவது இதைத்தான். மேலே சொன்ன துஆவையும் ‘அல்ஹம்துலில்லாஹ்’வையும்கூட மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி விட்டுவைக்கவில்லை. பேணுதலானவரைப் போலக் காட்டிக்கொண்டு இறைவனைப் புகழும் சாக்கில் பிறர் குறையைச் சொல்வதை, புறத்திலேயே மிகக் கேடான வகை என்று எழுதுகிறார்.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். அவனுடைய குடிப்பழக்கம் தெரிந்தும், “நமக்கேன் வம்பு, புறம் பேசினதா ஆயிடும்” என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இதுவும் தவறுதான். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) நபியவர்களிடம் யோசனை கேட்டபோது, முஆவியா வசதியில்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் (பெண்களை அடிப்பவர்) என்று நேரடியாகவே சொல்லி, உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த அளவைக் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு விஷயம், அதுவும் கல்யாணத்துக்குத் தேவையானது மட்டும். அவர்கள் குடும்பத்தின் பழங்கதை எதுவும் அதில் இல்லை.

அடுத்தது, பள்ளிவாசலில் வைத்துத் திருத்துவது. ரொம்ப நாள் கழித்து ஒரு இளைஞன் ஜும்ஆ எனும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருகிறான். தக்பீர் சொல்லிக் கை கட்டியதில் ஏதோ பிசகு. ஸஃப் (தொழுகை வரிசை) முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெரியவர் சத்தம் போடுகிறார். மார்க்கத்தைத்தான் சொன்னோம் என்று அவருக்குத் திருப்தி. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வருவதில்லை. முஆவியா பின் ஹகம் (ரலி) என்ற தோழர், தொழுகையில் ஒருவர் தும்மியதும் “யர்ஹமுகல்லாஹ்” (அல்லாஹ் உமக்கு அருள்புரிவானாக) என்றார். எல்லோரும் முறைக்க, “என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?” என்று தொழுகையிலேயே கேட்டுவிட்டார். அவர்கள் தங்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுது முடிந்ததும் நபியவர்கள் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதப் பேச்சு எதுவும் கூடாது, தஸ்பீஹும் (இறைவனைத் துதித்தல்) தக்பீரும் (‘அல்லாஹு அக்பர்’ எனல்) குர்ஆன் ஓதுதலும்தான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும் அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை என்று அந்தத் தோழரே பின்னாளில் சொன்னார். கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் போகும்போதுகூட மென்மையாகப் பேசுங்கள் என்றுதான் நபிமார்கள் மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் கட்டளை (குர்ஆன் 20:44). தொழ வந்த நம் பிள்ளை அவனைவிட மோசமா?

“சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே” என்று பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்வதும் நபிவழி. ஆனால் யாரைக் குறிக்கிறது என்று தெருவுக்கே புரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, நான் பெயர் சொல்லவில்லையே என்பது அந்தச் சுன்னத்தை (நபிவழியை) கேடயமாக்குவது. எனக்கு மிகவும் வலிக்கிற பழக்கம் இது.

வாட்ஸ்அப் என்றதும் ‘வந்ததை அப்படியே அனுப்புகிறேன்’ என்ற குறிப்பும் நினைவுக்கு வருகிறது. அதைப் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்கிறது ஹதீஸ் (நபிமொழி). நபியவர்களின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு கிளம்பியபோது, கட்டிவிட்டவர்கள் நயவஞ்சகர்கள். வாய்க்கு வாய் கொண்டுபோனவர்களில் மிஸ்தஹ் (ரலி) போன்ற, பத்ருப் போரில் கலந்துகொண்ட தோழரும் இருந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் அந்த வீடு பட்டபாட்டை ஹதீஸில் வாசித்தவர்கள், ஒரு பெண்ணின் பெயரோடு வரும் செய்தியை யோசிக்காமல் தட்டிவிட மாட்டார்கள். கேட்டவுடனேயே, “இதை நாங்கள் பேசுவது தகாது” என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறது குர்ஆனின் அந்நூர் அத்தியாயம்.

பட்டப்பெயர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒரே தெருவில் ஏழெட்டு அப்துல் காதர் இருந்தால் அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும்தான். தொழிலையோ வீட்டையோ சொல்லலாம். நொண்டி, கருவாயன் என்று ஆளை நோகடிப்பதற்குத்தான் 49:11-இல் தடை. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களைப் பார்த்து, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்றார்கள் நபியவர்கள். பின்னாளில் ரபதா என்ற ஊரில் அவரைப் பார்த்தவர், அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருக்கக் கண்டு காரணம் கேட்டார். அபூதர் சொன்ன பதில் இந்தச் சம்பவம்தான்.

சின்னதாகத் தெரிகிறவையும் உண்டு. குத்பா (ஜும்ஆ சொற்பொழிவு) நேரத்தில் பக்கத்தில் பேசுகிறவரைப் பார்த்து “சும்மா இரு” என்பதும் வீண்பேச்சில் சேரும். மூன்று பேர் இருக்கும்போது இருவர் மட்டும் குசுகுசுக்கக் கூடாது, மூன்றாமவர் மனம் வருந்தும். அழுகிற பிள்ளையிடம் “வா, மிட்டாய் தர்றேன்” என்று கூப்பிட்டுவிட்டுக் கொடுக்காவிட்டால் அதுவும் பொய்க்கணக்கில் எழுதப்படும்.

பேசியது பேசியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். போயிருக்காவிட்டால், நீங்களாகச் சொல்லி அவர் மனதைப் புதிதாகப் புண்படுத்த வேண்டாம் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், எந்தச் சபையில் குறை சொன்னீர்களோ அதே சபையில் அவரிடம் உள்ள நல்லதைச் சொல்லுங்கள். தவறான செய்தியை அனுப்பியிருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடுவது போதாது. எந்தெந்தக் குரூப்புக்குப் போனதோ அங்கெல்லாம் “நான் அனுப்பியது தவறு” என்று எழுத வேண்டும், தனியாக அனுப்பியவர்களுக்கும் தனித்தனியாக.