பழைய மீன்பிடிப் படகுக்குப் புதிய ட்ரெய்லர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படகுக்குப் புதிய ட்ரெய்லர் வாங்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் கையோடு எடுத்துச் செல்வது படகின் நீளத்தையும், அது புதிதாக வந்த நாளில் கொடுத்த காகிதத்தையும்தான். அந்தக் காகிதத்தில் இருக்கும் படகு வேறு, இப்போது கொட்டகையில் நிற்கும் படகு வேறு. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் எடை கூடியிருக்கும், அந்த எடை விழும் இடம் மாறியிருக்கும், சில வேளைகளில் அடிப்பாகத்தின் வடிவம்கூடச் சற்று மாறியிருக்கும். புதிய ட்ரெய்லர் வாங்கும்போது நேரும் தவறுகளில் முக்கியமானவை இதைக் கவனிக்காததால்தான் நேருகின்றன.

முதலில் எடை. காகிதத்தில் அச்சிட்டிருப்பது வழக்கமாக வெற்றுப் படகின் எடை. எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள் எதுவும் அதில் சேர்ந்திருக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால், 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் அது மட்டுமே 75 கிலோ வரும். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே குதிரைத்திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டியிருந்தால், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் எடை கூடியிருக்கும், அதுவும் அமரத்தின், அதாவது படகின் பின்முனையின், ஓரத்தில் போய்த் தொங்கும். இவை கண்ணுக்குத் தெரிகிற எடைகள். தெரியாத எடை தளத்துக்கு அடியில் இருக்கிறது. மிதப்புக்காக உள்ளே நிரப்பிய நுரை பழைய படகுகளில் ஆண்டுக்கணக்காக நீரைக் குடித்து ஊறிப்போயிருக்கலாம். அது குடித்த ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ.

ஆகவே கணக்குப் போட்டு எடையை ஊகிப்பதை விட, பழைய ட்ரெய்லரோடு படகை எடைமேடைக்குக் கொண்டுபோவதே நல்லது. மீன்பிடிக்கப் போகும் நாளில் என்னென்ன இருக்குமோ அத்தனையையும் ஏற்றி, தொட்டியையும் நிரப்பி, இழுவை வண்டியிலிருந்து பிரித்து ஒரு முறை நிறுக்க வேண்டும். பிறகு ட்ரெய்லரை மட்டும் காலியாக நிறுத்துக் கழித்தால் படகின் உண்மையான எடை கிடைத்துவிடும். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ட்ரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை வரம்பில் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். 1,500 கிலோ என்று தகடு சொல்ல, ட்ரெய்லர் 400 கிலோ இருந்தால், படகுக்கு மிஞ்சுவது 1,100 கிலோதான். அதிலும் 15 விழுக்காடு அளவுக்கு இடம் விட்டு வாங்குவது நல்லது. எடைமேடை காட்டும் எண், கணக்குப் போட்டதை விட மிக அதிகமாக இருந்தால், ட்ரெய்லர் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டுத் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நுரைக்குள் தேங்கிய நீரைச் சுமப்பதற்காகப் பெரிய ட்ரெய்லர் வாங்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

அடுத்த தவறு, படகு எதன்மேல் உட்காருகிறது என்பதைப் பாராமல் விடுவது. மீன்பிடிப் படகுகள் பல, நீரில் மிதக்கும் நேரத்தை விட ட்ரெய்லரில் கிடக்கும் நேரமே மிக அதிகம். அதனால் ட்ரெய்லரை ஒரு வாகனமாக மட்டும் பார்க்கக் கூடாது, படகின் கட்டிலாகவும் பார்க்க வேண்டும். நீளவாட்டில் கிடக்கும் தாங்கு பலகைகள், எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை வரைக்கும், முடிந்தால் ஓரிரு அங்குலம் அதையும் தாண்டி வர வேண்டும். பலகை முன்னதாகவே முடிந்து, எஞ்சின் தொங்கும் அமரம் அந்தரத்தில் நின்றால், அந்தப் பாரத்தில் அடிப்பாகம் காலப்போக்கில் கீழ்நோக்கி வளையும். பின்பலகைக்குச் சற்று முன்னால் உட்குழிவு விழும். அத்தகைய படகு வேகமெடுக்கும்போது அணியத்தை, அதாவது முன்முனையை, நீரில் அழுத்திக்கொண்டு ஓடும், வேகமும் குறையும். எஞ்சினில் கோளாறு என்று எண்ணிப் பணத்தைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்து, பின்பலகையின் விளிம்பிலிருந்து முன்னோக்கி, ஏராவுக்கு (அடிப்பாகத்தின் நடுமுதுகுக்கு) ஒரு சாண் தள்ளி, அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். சட்டத்தின் இரு நுனிகளும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் வெளிச்சம் தெரிந்தால், உட்குழிவு விழுந்துவிட்டது. பழைய ட்ரெய்லரே அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்படியிருக்க, பழைய ட்ரெய்லரின் அளவுகளை அப்படியே புதியதற்குக் கொடுப்பது பழைய பிழையைப் புதிய இரும்பில் வார்ப்பதாகும். அளவுகளைப் படகிலிருந்தே எடுக்க வேண்டும். உள்ளே நீளவாட்டில் ஓடும் தாங்குசட்டங்கள் எங்கே இருக்கின்றன, நீரின் ஆழம் காட்டும் ஆழமானியின் உணரி எங்கே பொருந்தியிருக்கிறது, வடிகால் துளை எங்கே என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, தாங்கு பலகைகள் அந்தச் சட்டங்களுக்கு நேர்கீழே வரும்படியும் உணரியின் மேல் படாதபடியும் அமைக்கச் சொல்ல வேண்டும்.

படகைத் தாங்க ரோலரா பலகையா என்ற கேள்விக்கு என் சாய்வு பலகைப் பக்கம்தான். ரோலர் இருந்தால், படகை நீரில் இறக்கும் சாய்தளம் ஆழமற்றதாக இருந்தாலும் படகை எளிதில் ஏற்றி இறக்கலாம் என்பது உண்மை. ஆனால் ரோலர் சிறுசிறு புள்ளிகளில் பாரத்தை இறக்குகிறது. வலுக்குன்றிய பழைய ஃபைபர் உடலுக்கு அது ஒத்துவராது. அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உளுத்துப்போகாதிருக்கச் செம்பு கலந்த மருந்தில் ஊறவைத்த மரம் தாங்கு பலகையாக வந்தால், அதன்மேல் போர்த்திய கம்பளம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உடலை அரித்துத் துளையிட்டுவிடும்.

எடை சரியாக இருந்தும் ட்ரெய்லர் சாலையில் வால்போல் ஆடுகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் பாரம் அமர்ந்த இடத்தில் இருக்கும். இழுவை வண்டியின் கொக்கியின்மேல் இறங்கும் பாரம், மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு இருப்பது படகு ட்ரெய்லர்களுக்கு வழக்கம். உங்கள் வண்டியும் ட்ரெய்லரும் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதியானது. குறைந்தால் ட்ரெய்லர் ஆடும், மிகுந்தால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடிமானம் தளரும். கனமான எஞ்சின் மாட்டிய பழைய படகில் பாரம் பின்னுக்கு நகர்ந்திருப்பதால், படகை இழுத்துக் கட்டும் வின்ச் தூணையும் சக்கர அச்சையும் நகர்த்தி அமைக்கக்கூடிய ட்ரெய்லரையே தேட வேண்டும். அச்சைப் பின்னுக்குத் தள்ளினால் கொக்கிப் பாரம் கூடும்.

கடலில் இறக்குபவர்களுக்கு வெறும் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் உதவாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமோ அலுமினியச் சட்டமோ வேண்டும். மூடிய குழாயை விட, உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவ வழியுள்ள திறந்த சட்டம் மேல். டிரம் பிரேக் உப்பு நீரை உள்ளே தேக்கிக்கொள்ளும், டிஸ்க் பிரேக்கைக் கழுவிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். பழைய ட்ரெய்லர் பிரேக் இல்லாமலே ஓடியது என்பது புதியதற்குச் சமாதானம் ஆகாது.

இழுவை வண்டியின் கொக்கிப் பந்தின்மேல் பூட்டும் கப்ளரின் அளவைச் சிறு விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. 50 மில்லிமீட்டர் பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர், அதற்கான கப்ளர் சிறிய பந்தின்மேல் தளர்வாக உட்காரும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படித்துப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். ‘புதிய’ ட்ரெய்லர் என்று விற்பதில் டயர் மட்டும் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருக்கக்கூடும். படகு சக்கரக் காப்புகளுக்கு மேலே உட்காருமா, நடுவே இறங்கி உட்காருமா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். மேலே உட்காரும் வகையில் படகு மிதந்து இறங்க ட்ரெய்லர் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும், கொட்டகை வாசலில் உயரமும் இடிக்கலாம்.

எல்லாம் பொருந்திய பிறகும் முதல் பயணத்தில் செய்யும் தவறு ஒன்று எஞ்சியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடிவந்த ட்ரெய்லரை நேராகத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். சூடாக இருக்கும் ஹப் (பேரிங் அமர்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடம்) குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சில வாரங்களில் கிரீஸ் பால்போல் வெளுத்து, பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கும். சாய்தளத்தை அடைந்ததும் சாமான்களை ஒழுங்குபடுத்தியபடி ஹப் ஆறும்வரை காத்திருங்கள். அதற்கு முன், புறப்பட்டு 15, 20 கிலோமீட்டர் ஓடியதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குறையில்லை. தொட்ட கையை வெடுக்கென்று இழுக்க வைத்தால், பேரிங் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த இடத்திலேயே சக்கர நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். புதிய சக்கரத்தில் அவை முதல் ஓட்டத்திலேயே தளர்வதுண்டு.