தொடக்கத்தில் மிரட்டும் டிபென்ஸ் ஜனவரி வரை தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில் டிபென்ஸ் என்பது எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுக்கும் 11 பேர். 2009-இல் டென்வர் பிராங்கோஸ் அணி முதல் ஆறு ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 66 புள்ளிகள்தான். ஆட்டத்துக்கு 11. ஆறிலும் வெற்றி. மீதிப் பத்து ஆட்டங்களில் 258, அதாவது ஆட்டத்துக்கு 25.8. பருவம் 8-8 என்று முடிந்தது, பிளேஆஃப் (ஜனவரியில் வரும் நாக்அவுட் சுற்று) இல்லை. பத்து ஆண்டு கழித்து நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் முதல் எட்டு ஆட்டங்களில் 61 புள்ளிகள் கொடுத்தது, அடுத்த எட்டில் 164. அதுவும் சரிவுதான். ஆனாலும் மொத்தம் 225 என்பது அந்த ஆண்டு என்எஃப்எல்-லில் மிகக் குறைவு.

ஆக, செப்டம்பரில் மிரட்டும் டிபென்ஸ் இறங்குமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஏறக்குறைய எல்லாம் இறங்கும். எந்தப் படியில் போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. கல்யாண வீட்டில் கழுத்து நிறைய மின்னுவதில் சொந்த நகை எது, இரவல் நகை எது என்று பிரிக்கும் வேலை இது. ஒரு தாளும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

எப்போது உட்கார வேண்டும்

மூன்று வாரத்தில் உட்காராதீர்கள். ஒரு டிபென்ஸ் ஓர் ஆட்டத்தில் சுமார் 60, 65 ப்ளேக்கள் (பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரையான ஒவ்வொரு முயற்சி) ஆடும். எதிரணிக்குப் பந்து பத்துப் பதினோரு முறை கைக்கு வரும். மூன்று ஆட்டம் என்றால் முப்பதுக்கு மேல் கொஞ்சம். அதில் இரண்டு முறை பந்து தவறான இடத்தில் துள்ளினாலே கணக்கு மாறிவிடும். ஆறு முதல் எட்டு ஆட்டங்கள் ஆனபின் பார்ப்பது நல்லது. இப்போதைய பருவத்தின் 17 ஆட்டங்களில் அது பாதிகூட இல்லை. முன்கூட்டிச் சொல்ல இன்னும் இடம் இருக்கிறது.

தேவையான விவரம் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும்: லீக் வெளியிடும் கேம்புக் (ஆட்ட விவர ஏடு), ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டவாரியான ஸ்கோர், ஸ்னாப் எண்ணிக்கை (யார் எத்தனை ப்ளே ஆடினார் என்பது), வாரம் தோறும் வரும் காயப் பட்டியல். ஆட்டத்துக்கு ஒரு வரி வீதம் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், டிபென்ஸ் கொடுக்காத புள்ளிகளைக் கழியுங்கள்

ஸ்கோர்போர்டில் இருப்பதெல்லாம் டிபென்ஸ் தலையில் விழ வேண்டியதில்லை. சொந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வீசியதை எதிரணி பிடித்து ஓடி டச்டவுன் (கூடுதல் உதையோடு வழக்கமாக 7 புள்ளி) அடித்தால், அந்த நேரத்தில் டிபென்ஸ் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பன்ட் (எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்து) ரிட்டர்ன், கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) ரிட்டர்ன், ஃபம்பிள் (கைநழுவிய பந்து) ரிட்டர்ன், சேஃப்டி (சொந்த எண்ட் சோனில் மடக்கப்பட்டு இழக்கும் 2 புள்ளி) எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

2019 பேட்ரியட்ஸில் இதைச் செய்தால் ஒரு வேடிக்கை தெரியும். மூன்றாம் வாரம் ஜெட்ஸ் எடுத்த 14-இல் ஒரு டச்டவுன் கைநழுவிய பன்ட்டை எண்ட் சோனில் (மைதானத்தின் முனையில் டச்டவுன் எடுக்கும் பகுதி) அமுக்கியது. இன்னொன்று மாற்று குவார்ட்டர்பேக் ஸ்டிடம் வீசியதை ஜமால் ஆடம்ஸ் பிடித்து ஓடியது. ஆறாம் வாரம் ஜயன்ட்ஸ் எடுத்த 14-இல் ஒன்று, பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் பிரேடியின் கையிலிருந்து தட்டப்பட்ட பந்தை எடுத்து ஓடியது. மூன்றையும் கழித்தால் எட்டு ஆட்டங்களில் எதிரணி அஃபென்ஸ்கள் (பந்தோடு முன்னேறும் வரிசை) எடுத்தது வெறும் 40. ஆட்டத்துக்கு ஐந்து. கழித்தபின் டிபென்ஸ் இன்னும் அழகாகத் தெரிகிறது. எண் அழகாகிவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

எதிரே நின்றது யார்

இதுதான் கணக்கின் மையம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணிப் பெயரோடு அன்று ஆடிய குவார்ட்டர்பேக் பெயரையும் எழுதுங்கள். "பஃபலோ" என்று மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள்.

பேட்ரியட்ஸ் எட்டு வாரத்தில் சந்தித்தவர்களைப் பாருங்கள். முதல் வாரம் ஸ்டீலர்ஸ். அதன் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் இரண்டாவது வாரத்தில் முழங்கைக் காயத்தோடு பருவத்தையே முடித்துக்கொண்டார். அடுத்து, அணியையே கலைத்துக் கட்டிக்கொண்டிருந்த மயாமி. ஜெட்ஸ் இரண்டு முறை, அதில் முதல் முறை லூக் ஃபாக் என்ற மாற்று ஆட்டக்காரரோடு. பஃபலோவின் ஜாஷ் ஆலன் அடிபட்டுப் பாதியில் வெளியேற, மாட் பார்க்லி வந்தார். வாஷிங்டனுக்குக் கோல்ட் மெக்காய். ஜயன்ட்ஸுக்குப் புதுமுகம் டேனியல் ஜோன்ஸ், பக்கத்தில் பந்தோடு ஓடும் சக்வான் பார்க்லி இல்லை. கடைசியாக கிளீவ்லாந்து. அந்த ஆண்டு முழுவதும் மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த அணி வாஷிங்டன், அதற்கு அடுத்தது ஜெட்ஸ். எட்டில் மூன்று ஆட்டங்கள் இந்த இருவரோடு.

ஒன்பதாம் ஆட்டம் பால்டிமோரில். லாமர் ஜாக்சனின் ரேவன்ஸ் 37-20 என்று வென்றது. அந்த 37-லும் 7 ஃபம்பிள் ரிட்டர்ன்தான். ஆனாலும் அஃபென்ஸ் எடுத்த 30, முந்தைய எட்டு ஆட்டங்களின் 40-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதன்பின் டெக்சன்ஸ் 28, சீஃப்ஸ் 23.

சரிசெய்யும் வழி எளிது. ஒவ்வொரு எதிரணியும் உங்கள் அணியோடு ஆடாத மற்ற ஆட்டங்களில் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தது என்று பாருங்கள். எல்லோருடைய சராசரியையும் லீக் சராசரியோடு ஒப்பிடுங்கள் (சமீப ஆண்டுகளில் அது 22, 23 அளவில் இருக்கிறது). எதிரணிகள் 19 எடுக்கிறவை என்றால், உங்கள் டிபென்ஸுக்கு ஆட்டத்துக்கு 4 புள்ளி இரவல் வந்திருக்கிறது. உங்கள் அணியோடு ஆடிய ஆட்டத்தைச் சேர்க்காமல் கணக்கிடுவது முக்கியம். சேர்த்தால் நல்ல டிபென்ஸ் தன் திறமைக்கே தண்டனை வாங்கும்.

பந்துப் பறிப்பு

டேக்அவே, அதாவது பந்தைப் பறிப்பது, இரண்டு வகை. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

பந்தைத் தட்டி விழவைப்பது ஓரளவு திறமை. விழுந்த பந்து யார் மேல் உருளும் என்பது பூவா தலையா. நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர முடியாது. ஆகவே எதிரணி நழுவவிட்ட பந்துகளை எண்ணி அதில் பாதியைத்தான் டிபென்ஸுக்குக் கொடுங்கள். எட்டு விழுந்து ஏழு கிடைத்திருந்தால் மூன்று இரவல். ஒரு பறிப்பின் மதிப்பை சுமார் 4 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்டர்செப்ஷனில் (எதிரணி வீசிய பாஸைப் பிடிப்பது) திறமையின் பங்கு கூடுதல், ஆனாலும் நிலையானது இல்லை. வீடியோவில் ஒவ்வொன்றையும் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: பாஸ் போகும் பாதையைப் படித்துப் பிடித்தது, அழுத்தம் தாங்காமல் குவார்ட்டர்பேக் தப்பாக வீசியது, எதிரணிக்காரர் கையில் பட்டுத் தெறித்தது. முதல் இரண்டும் திரும்ப வரும். மூன்றாவதை நம்பி வீடு கட்ட முடியாது.

2018 சிகாகோ பேர்ஸ் 36 பந்துகளைப் பறித்தது. மறு ஆண்டு 19. பாதியாகிவிட்டது. ஆனால் கொடுத்த புள்ளிகள் 283-இலிருந்து 298 ஆனது, அவ்வளவுதான். பறிப்பு போனாலும் கீழே அஸ்திவாரம் இருந்தது. அந்த அஸ்திவாரத்தை எதில் பார்ப்பது?

எது நிற்கும், எது நழுவும்

பத்து யார்டு போக ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நழுவுபவை: தேர்ட் டவுனில் தடுத்த சதவீதம், ரெட் சோனுக்குள் (கடைசி 20 யார்டு) டச்டவுன் விடாமல் ஃபீல்ட் கோலோடு (3 புள்ளி தரும் உதை) நிறுத்திய சதவீதம், எதிரணி கிக்கர்கள் தவறவிட்ட உதைகள். முதல் இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று தேர்ட் டவுன், மூன்று ரெட் சோன் நுழைவு என்று எண்ணிக்கை சிறியது. சிறிய எண்ணிக்கை ஊசலாடும். கிக்கர் தவறவிடுவதில் டிபென்ஸுக்குப் பங்கே இல்லை. லீக் முழுக்க சுமார் 85 சதவீத உதைகள் உள்ளே போகின்றன. உங்களுக்கு எதிராகப் பத்தில் ஐந்து போயிருந்தால், மூன்றரை உதை, சுமார் 10 புள்ளி, கடனில் இருக்கிறது.

நிற்பவை: முதல், இரண்டாம் டவுன்களில் ஒரு ப்ளேக்குக் கொடுத்த யார்டு, எதிரணியின் வெற்றி விகிதம், குவார்ட்டர்பேக் மீது அழுத்தம். வெற்றி விகிதத்துக்கு வழக்கமான அளவுகோல் ஒன்று இருக்கிறது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றாவது நான்காவதில் முழுவதும் எடுத்தால் அது எதிரணிக்கு வெற்றி. முதல் டவுனில் பத்துக்கு நாலு யார்டு. இந்தச் சதவீதம் குறைவாக இருக்கும் டிபென்ஸ், பந்து பறிக்காத நாளிலும் எதிரணியைத் திணறடிக்கும். ஒரு ப்ளேக்கு யார்டு என்றால் லீக் சராசரி 5.4-ஐச் சுற்றியே இருக்கும். எட்டு ஆட்டம் ஆடியும் 5-க்குக் கீழே இருந்தால் அது சொந்த நகை.

சாக்கைவிட (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) அழுத்தத்தை நம்புங்கள். சாக் அதிகம், அழுத்தம் சராசரி என்றால் சாக் குறையப்போகிறது. அழுத்தம் அதிகம், சாக் சராசரி என்றால் கூடப்போகிறது. ஒரே எச்சரிக்கை: எது அழுத்தம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எண்ணும். ஒரு தளத்தின் அழுத்தத்தை இன்னொரு தளத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் குப்பைதான் கிடைக்கும்.

மொத்த யார்டு தரவரிசையைப் பார்க்கவே வேண்டாம். 24 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி கடைசி கால்பகுதியில் வேண்டுமென்றே சின்னச் சின்ன பாஸ்களை விட்டுக்கொடுக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கற்பனை அணி ஒன்று, ஆறு ஆட்டங்களில் 84 புள்ளி, ஆட்டத்துக்கு 14. இன்டர்செப்ஷன் ரிட்டர்னில் போன 7-ஐக் கழித்தால் 77. இரவல் ஃபம்பிள் மூன்றுக்கு 12 கூட்டுங்கள். தவறிய உதைகளுக்கு 10. எதிரணிகள் சராசரியைவிட 4 புள்ளி பலவீனம், ஆறு ஆட்டத்துக்கு 24. மொத்தம் 123, ஆட்டத்துக்கு 20.5. ஆக 14 கொடுக்கும் பயங்கர டிபென்ஸ் இல்லை இது. சராசரிக்கு இரண்டு புள்ளி மேலான நல்ல டிபென்ஸ். மீதிப் பதினோரு ஆட்டங்களுக்கு 20.5 என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். தேர்ட் டவுன், ரெட் சோன் அதிர்ஷ்டத்தை இதில் தனியாகக் கூட்டாதீர்கள். தவறிய உதையும் ஃபம்பிளும் ஓரளவு அங்கேயும் சேர்ந்திருக்கும், ஒரே கடனை இரண்டு முறை எழுதியதாகிவிடும்.

சொந்த அஃபென்ஸ் தரும் நிழல்

முன்னிலையில் இருக்கும் அணிக்கு எதிராக எல்லோரும் பாஸ் வீசியே ஆக வேண்டும். அதனால் ஓட்டத்தை (பந்தைக் கையில் சுமந்து ஓடுவதை) தடுப்பதில் உள்ள பலவீனம் மாதக்கணக்கில் வெளியே தெரியாது. பேட்ரியட்ஸ் எட்டு ஆட்டங்களில் ஐந்தை 20 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. அவர்களை எதிர்த்து நிதானமாக ஓடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. 2020 ஜனவரி பிளேஆஃபில் டென்னசி அணி நிதானமாக ஓடியது. டெரிக் ஹென்றி 34 முறை பந்தைச் சுமந்து 182 யார்டு எடுத்தார். ஸ்கோர் 20-13, அதில் கடைசி டச்டவுன் பிரேடி வீசியதைப் பிடித்து அடித்தது. டிபென்ஸ் கொடுத்தது 14தான். ஆனால் கடிகாரத்தைத் தின்ன விட்டது.

ஆகவே இடைவெளி 7 புள்ளிக்குள் இருந்த நேரத்தில் எதிரணி ஓடிய ப்ளேக்களை மட்டும் தனியாக எடுத்து யார்டு பாருங்கள். 4.5-க்கு மேல் இருந்தால் குறித்து வையுங்கள். அடுத்து உங்கள் அஃபென்ஸ் மூன்று ப்ளேயில் பன்ட் அடித்த எண்ணிக்கை. அது ஏறினால் டிபென்ஸ் ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து ப்ளே கூடுதலாக நிற்கும், அதுவும் சொந்தப் பாதியில்.

ஆளும் மாற்றும்

11 பேரில் எத்தனை பேர் எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறார்கள்? எட்டு ஆட்டத்துக்குப் பதினொன்றும் அப்படியே இருந்தால் மகிழாதீர்கள், அதுவும் இரவல்தான். இந்த ஆட்டத்தில் அக்டோபர் முடிவதற்குள் யாராவது விழுவார்கள். இன்ஜூர்ட் ரிசர்வ் (வாராந்தரக் காயப் பட்டியல் அல்ல, காயத்தால் ஒதுக்கிவைக்கும் பட்டியல்) என்பதில் போட்டால் குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே.

பார்க்க வேண்டியது மூன்றாவது கார்னர்பேக்கையும் (பாஸ் வாங்குபவரைத் தடுப்பவர்) நான்காவது பாஸ் ரஷரையும் (குவார்ட்டர்பேக் மேல் பாய்பவர்). எதிரணி பலவீனமான கார்னர் பக்கமே வீசும். முதல் கார்னர் எவ்வளவு சிறந்தவர் என்பது அப்போது உதவாது. எட்ஜ் ரஷர் (வரிசையின் ஓரத்திலிருந்து பாயும் பாஸ் ரஷர்) ஒருவர் ஸ்னாப்களில் 90 சதவீதம் ஆடுகிறார் என்றால் மாற்று ஆள் மேல் பயிற்சியாளருக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள். டிசம்பரில் அந்தக் கால்கள் பேசும். 2013 சியாட்டில் சீஹாக்ஸ் இதற்கு நேர் எதிர். கிளிஃப் அவ்ரில், மைக்கேல் பென்னட் என்று இருவரை அந்த ஆண்டே சேர்த்து வரிசையைச் சுழற்றி ஆடியது. கார்னர் பிராண்டன் பிரவுனரைப் பருவத்தின் பின்பகுதியில் இழந்தபோது பைரன் மாக்ஸ்வெல் வந்து குறை தெரியாமல் ஆடினார். மொத்தம் 231 புள்ளி. அந்தப் பருவத்தில் 606 புள்ளி குவித்த டென்வரை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 8-க்குள் அடக்கியது.

முன்னால் இருக்கும் அட்டவணை

மீதி ஆட்டங்களை மூன்று நிறத்தில் குறியுங்கள்: நல்ல குவார்ட்டர்பேக், ஓடக்கூடிய குவார்ட்டர்பேக், மற்றவர்கள். இரண்டாவது நிறத்தைத் தொடக்கத்தில் சந்திக்காத டிபென்ஸைச் சந்தேகியுங்கள். வியாழக்கிழமை ஆட்டங்களையும் குறியுங்கள். இடையில் மூன்றே நாள். சொந்தப் பிரிவு அணிகளோடு இரண்டாவது மோதலில் வீடியோ இருவரிடமும் இருக்கும். 2019 இரண்டாம் வாரம் 43-0 என்று தோற்ற அதே மயாமி, கடைசி வாரம் ஃபிட்ஸ்பாட்ரிக்கோடு வந்து 27-24 என்று பேட்ரியட்ஸை அதன் மைதானத்திலேயே வென்றது.

வீரர் பரிமாற்றக் கெடு முடியும் ஒன்பதாம் வாரத்துக்குப் பின் ஒரு முறை, பதின்மூன்றாம் வாரத்துக்குப் பின் இன்னொரு முறை இதே தாளைத் திறந்து, புது ஆட்டங்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு முறையும் எதிரணிச் சராசரிகளையும் புதிதாக எடுக்க வேண்டும்: அக்டோபரில் பலவீனமாகத் தெரிந்த அணி நவம்பரில் குவார்ட்டர்பேக் திரும்பி வந்து வேறு அணியாகியிருக்கும்.