புகை தெரியாவிட்டால் போதுமா? பாய்லர் எரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூரிலோ மணலியிலோ ஓர் ஆலையின் புகைபோக்கியில் கரும்புகை எழுந்தால், பாய்லரை இயக்குபவர் முதலில் காற்று டேம்பரை, அதாவது உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பை, கூடுதலாகத் திறந்துவிடுவார். புகை மறையும், அக்கம்பக்கத்தாரின் புகாரும் ஓயும். ஆனால் எரிபொருளுக்குக் கொடுத்த பணம் வெப்பமாக வெளியேறுவது கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மட்டும் நம்பிக் காற்றளவை முடிவு செய்வதே தவறுகளில் முதன்மையானது.

இயற்கை எரிவாயுவில் ஓடும் பாய்லரின் கழிவு வாயுவில் 2 முதல் 3 சதவீத ஆக்சிஜன் மிஞ்சினால் பொதுவாகப் போதும். 3 சதவீதம் என்பது தேவைக்கு மேல் சுமார் 17 சதவீதக் காற்று. 10 சதவீதம் காட்டினால், தேவையைப் போல் ஏறக்குறைய இரு மடங்குக் காற்று உள்ளே போய், வெறுமனே சூடேறி வெளியே வருகிறது.

அளந்து பார்ப்பவர்களும் இடறும் இடம் ஒன்று உண்டு. பகுப்பாய்வுக் கருவியின் குழாயைப் புகைபோக்கியின் அடியில் செருகினால், கழிவு வாயுவை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன் என்ற விசிறியின் உறிஞ்சலில் துப்புரவுக் கதவுகளின் சந்து வழியாகவும் குழாய் இணைப்புகள் வழியாகவும் புகுந்த வெளிக்காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். உலையில் 3 சதவீதமே இருக்க, கருவி 8 என்று காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் எரிப்பு அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடும் கரியும் பெருகும். ஆகவே பாய்லரின் வாயு வெளியேறும் வாயிலில் ஒரு முறையும் புகைபோக்கியில் ஒரு முறையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கசிவின் அளவைச் சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடைப் பார்க்காமல் ஆக்சிஜனை மட்டும் பார்ப்பதும் பாதி அளவீடுதான்.

கழிவு வாயுவின் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவது அடுத்த தவறு. அது ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் திறன் சுமார் 1 சதவீதம் குறையும். பாய்லரின் சுமையும் காற்றளவும் மாறாதிருந்தும் இந்த வெப்பநிலை வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், குழாய்களில் ஒரு பக்கம் கரியோ மறுபக்கம் உப்புப் படிவோ சேர்கிறது என்று பொருள். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை நம்பியிருக்கும் ஆலைகளில் நீரின் கடினத்தன்மையை நீக்கும் மென்னீராக்கியை முதலில் சோதிப்பது நல்லது.

விறகும் பிரிக்கெட்டும் (மரத்தூள், வேளாண் கழிவு போன்றவற்றை அழுத்திச் செய்த கட்டி) எரிப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கூரையையும் தரையிலிருந்து உயர்த்திய மேடையையும் அமைத்துக்கொள்ள வேண்டும். ஈர எரிபொருள் தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைச் செலவிட்டு, உலையைக் குளிரவைத்து, புகையைக் கூட்டும். அப்போது டேம்பரை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை.

ஃபர்னஸ் ஆயில் என்ற கனமான எண்ணெயில் ஓடும் பாய்லரில், கழிவு வாயுவின் வெப்பத்தால் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் எகனாமைசரைப் பொருத்தி, வெப்பத்தை மிச்சம்பிடிக்கும் ஆசையில் கழிவு வாயுவை அளவுக்கு மீறிக் குளிர்விப்பதும் ஆபத்து: எண்ணெயில் உள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து குழாய்களை அரித்துவிடும்.